பட்டன் இல்லாத பியானோ

எங்கள் வீரமுத்துவைப் பெரிய கலைஞன் என்று சொன்னால் அவனே சிரிப்பான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் பழுது பார்க்கிறவன். முகூர்த்த நாட்களில் எங்கள் கச்சேரிக் குழுவில் கீபோர்டு. அதே குழுவில் ரிதம் பேடு தட்டுகிறவன் நான். அவனைக் கிண்டல் செய்ய எனக்கு முழு உரிமை உண்டு.

எந்தப் பாட்டையும் அவன் ஒரே சுருதியில்தான் பழகுவான். பாடுகிறவர் ஏற்றிக் கேட்டால் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுவான். விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும், ஒலி மட்டும் மேலே போய்விடும். கல்யாண மேடைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

குழுவில் குழல் வாசித்த அம்சவள்ளி, மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவரின் மகள். வாராவாரம் புதுச்சேரிக்கு பஸ் ஏறி மேல்நாட்டுக் குழல் கற்றவள். சென்னையில் ஓர் இசைக்குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். அவள் காத்திருந்த வேலை அது. குழலும் பியானோவும் ஒன்றையொன்று துரத்தி ஓடும் கடினமான ஓர் உருப்படியை வாசித்துக் காட்ட வேண்டும். பியானோவுக்கு நாமே ஆள் கூட்டிப்போக வேண்டும். வீரமுத்து அதைப் போனில் கேட்டுக் கேட்டே பிடித்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாவகாசமாகக் கேட்டான்.

"பியானோல டிரான்ஸ்போஸ் பட்டன் எந்தப் பக்கம்மா இருக்கும்?"

"பியானோல ஏதுண்ணா பட்டன்?" என்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் அவன் அவளுக்கு வாசித்திருக்கிறான்.

"நா வரலம்மா. வேற ஆளப் பாரு."

"உங்கள வுட்டா எனக்கு யாருண்ணா இருக்காங்க?"

மறுநாள் பட்டன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் புதுக் கட்டைகளில் முதலிலிருந்து பழகினான். ரிஷிவந்தியம் கல்யாணத்தில் பாடகி கமலா, "தொண்ட கட்டிக்கினு இருக்கு, கொஞ்சம் எறக்குண்ணா" என்றாள். அங்கேயும் டேப்பைப் பிரிக்க மாட்டேன் என்று விரலாலேயே இறக்கி, தப்புத் தப்பாக வாசித்தான். மொய் எழுதிக்கொண்டிருந்தவரே நிமிர்ந்து பார்த்தார். மானம் போயிற்று. ஆனால் இரண்டாவது பாட்டு தப்பவில்லை.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். பியானோ முன் உட்கார்ந்ததும் அவன் இடது கை பழக்கத்தில் மேலே போய், வெறும் மரத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. முதல் ஸ்வரக்கட்டு சரியான சுருதியில் விழுந்தது. அம்சவள்ளியின் கண் கலங்கிவிட்டது. அழுகிற உதடு குழலுக்கு ஆகாது, விழுங்கிக்கொண்டு ஊதினாள். அதன்பிறகு இருவரும் ஓடிய ஓட்டத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

வேலை கிடைத்தது. அவளைச் சென்னைக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தவன் இனி டேப்பைப் பிரித்துவிடுவான் என்று நினைத்தேன். ஓரம் நைந்திருந்த பழையதை உரித்துவிட்டு, புது டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.