பதினெட்டுப் பேரும் மஞ்சள் தடவிய தாளும்

இதை எழுத உட்காருவதும் நாலு வரி எழுதிக் கிழித்துப் போடுவதுமாகவே பல வருஷம் போய்விட்டது. "விளையாட்டுக் காரியம், இதுக்குப் போயி இத்தனை வருத்தமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். விளையாட்டுக் காரியம்தான். ஆனால் நான் செய்தது சாமி முன்னால் நின்று. அதனால் எழுதவும் கூச்சம், எழுதாமல் இருக்கவும் பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு நாங்கள் புனேக்கு வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். அவருக்கு ராணுவம் சம்பந்தப்பட்ட ஆபீசில் குமாஸ்தா வேலை. கேம்ப் பக்கம் இரண்டு அறை வீடு. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து காலேஜ் போன காலத்தில்தான் எங்கள் வீட்டுக்குள் அந்தத் தட்டு வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் தட்டு. ஆடுகிற பிள்ளைகள் டிஸ்க் என்பார்கள். எனக்குக் கடைசிவரை தட்டுதான்.

முதலில் நான் அதைக் கடற்கரையில் சிறுபிள்ளைகள் எறிந்து விளையாடுவது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்துக்கு ஏழு பேர், பையன்களும் பெண்களும் கலந்து. தட்டைப் பிடித்தவர் ஓடக்கூடாது, நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும். எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்துக்குள் பிடித்தால் பாயிண்ட். இதில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்று உண்டு. நடுவர் கிடையாது. இடித்தவரும் இடிபட்டவரும் நின்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு ஒத்துவராவிட்டால் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பப் போகும், அங்கிருந்து மறுபடி ஆரம்பம்.

மகளுடைய டீமில் மொத்தம் பதினெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் அண்டா நிறையப் புளிச்சாதம் கிளறி வைத்திருப்பேன். எல்லோருக்கும் நான் 'காகூ'. மராட்டியில் சித்தி, பெரியம்மா மாதிரி.

அந்த வருஷம் வெளியூரில் மூன்று நாள் போட்டி. ஒரு டீமுக்குப் பதினைந்து பேர்தான் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அங்கே தொடங்கியது சண்டை. இரண்டு ஞாயிறு சாதம் ஆறிப்போனது.

"நல்லா ஆடறவங்க போகட்டும்" என்றான் கேப்டன். பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், கண்ணாடி போட்டவன்.

"அப்போ நல்லா ஆடறவன்னு நீயே உனக்கு சர்ட்டிபிகேட் குடுத்துக்குவியா?" என்றான் ஒருவன்.

"மழையிலயும் தவறாம வந்தவங்க போகணும்" என்றாள் என் மகள். அவர்களிடம் இந்தியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, நீ போல்னா, சொல்லு. யார் கரெக்ட்?" என்றாள்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் முதலில் போக வேண்டியவள் கோந்த்வாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். அவளை வெளியூர் அனுப்ப அவள் அப்பா ஒரு மாதம் யோசித்து, 'இந்த ஒரு தடவை' என்று சம்மதம் கொடுத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தை முதலில் என்னிடம்தான் சொன்னாள், அடுப்படியில் வந்து நின்று.

சும்மா இருந்திருக்கலாம் நான். "எங்க ஊர்ல முடிவு பண்ண முடியலன்னா சாமி முன்னால சீட்டுப் போட்டு எடுப்போம்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவைத்தேன். சிரித்தார்கள். அப்புறம் யோசித்தார்கள். யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள், அதனால் ஒப்புக்கொண்டார்கள். காகூவே எடுக்கட்டும், மூன்று சீட்டு, அந்த மூன்று பேர் போகவேண்டாம் என்று முடிவானது.

மறு ஞாயிறு குளித்து விளக்கேற்றி, மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். நல்ல காரியத்துக்கு எடுக்கும் தாள் என்றால் மஞ்சள் குழைத்து நாலு மூலையிலும் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். பத்திரிகையோ, புதுத்துணியோ, மளிகை லிஸ்டோ கூட, கை தானாகப் போகும். அப்படித்தான் வைத்தேன். அது காய்ந்த பிறகு வரிசைக்கு மூன்று பேராக ஆறு வரிசையில் பதினெட்டுப் பெயரும் எழுதினேன். நம் பிள்ளையை முந்தி எழுதக்கூடாது என்று மகள் பெயரைக் கடைசியில் எழுதினேன். பிறகு கிழித்து மடித்துப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டேன்.

நான் செய்த பிசகு அதுவரைக்கும் எனக்கே தெரியாது. தாளின் மூலைகளில் விழுந்த நாலு பெயருக்கு மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. கடைசி மூலை என் மகள்.

எல்லோரும் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடி முருகனை நினைத்துக் கிண்ணத்தில் கைவிட்டேன். முதல் சீட்டு சாதாரணமாக வந்தது. அந்தப் பையன் "அப்பாடா, லீவு கேக்க வேணாம்" என்றான். இரண்டாவதுக்குக் கைவிட்டபோது ஒரு சீட்டு விரலில் சொரசொரவென்று பட்டது. காய்ந்த மஞ்சள். என்ன என்று மனசுக்குப் புரிவதற்குள் விரல் அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தது. விரல்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது தடவையும் சொரசொரப்புத் தட்டியது. அப்போது மனசுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. நாலில் ஒன்று என் பிள்ளை. விட்டேன். பக்கத்துச் சீட்டை எடுத்தேன்.

கோந்த்வாப் பெண்.

நான் பெயரை வாசித்ததும் அவள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு சீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மேல இருக்கறவன் முடிவு, காகூ. அதுக்கு மேல என்ன" என்றாள். அன்றைக்குப் புளிச்சாதம் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க சாமி முகத்தைப் பார்க்காமலே விளக்கேற்றினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேணும்னேவா மஞ்சள் தொட்டே? விடு" என்றார். விட முடியவில்லை. அவள் மேலே இருக்கிறவன் என்று சொன்னாளே, அங்கே நான் அல்லவா இருந்தேன்.

அடுத்த ஞாயிறு தூக்குச்சட்டியோடு மைதானத்துக்கே போனேன். ஆட்டம் கடைசிப் பாயிண்டில் நின்றது. என் மகள் ஓரமாக ஓடித் தாவித் தட்டைப் பிடித்துவிட்டாள். அவள் பக்கத்தார் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். "இல்ல இல்ல. கால் கோட்டுக்கு வெளிய."

"யாருமே பாக்கலடி" என்றாள் கூட ஆடியவள்.

"நான் பாத்தேன்ல" என்று தட்டை எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். அவர்கள் தண்ணீர் குடிக்க வந்ததும், "மைனே கல்தி கியா" என்று தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அதற்குமேல் இந்தி வரவில்லை. தமிழில் சொன்னேன், மகள் இந்தியில் சொன்னாள். பாதி சொல்லும்போதே விஷயம் புரிந்து அவள் நின்றுவிட்டாள். "ஏட்டி, சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு" என்றேன். சொன்னாள். முகம் சிவந்திருந்தது.

கோந்த்வாப் பெண்தான் முதலில் பேசினாள். "விடுங்க. காகூவ சங்கடப்படுத்தாதீங்க. நான் வீட்லயும் சொல்லிட்டேன்."

கேப்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "காகூ ஃபவுல ஒத்துக்கிட்டாங்க. தட்டு திரும்பப் போகணும். மறுபடி எடுப்போம்" என்றான்.

அங்கேயே புதுத் தாள் கிழித்து, மஞ்சள் இல்லாமல், தட்டை மல்லாக்கத் திருப்பி அதற்குள்ளேயே சீட்டுகளைப் போட்டார்கள். என்னை எடுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோந்த்வாப் பெண் பெயர் வரவில்லை. என் மகள் பெயரும் வரவில்லை. மூன்றாவதாக வந்தது கேப்டன் பெயர்.

"மறுபடி..." என்று ஒருத்தி இழுத்தாள். "ஒரு தடவைதான் திரும்பப் போகும்" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் மனச்சுமை இறங்கியது, அவன் தலையில் ஏறியது.

ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவன் என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கி ரயிலில் ஏற்றிக் கொடுத்தான். போன இடத்தில் ஒரு ஆட்டம் தவிர எல்லாம் தோற்றார்கள். திரும்பி வந்ததும் கோந்த்வாப் பெண் அடுப்படிக்கு ஓடிவந்தாள். "காகூ, மூணு நாளும் ஓடினேன். பதினெட்டுப் பேரா போயிருந்தா பாதி நேரம் உக்காந்திருப்பேன்" என்றாள். எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதிலும் ஒரு நியாயம் இருப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சில வருஷம் கழித்து புனேயிலேயே போட்டி நடத்தினார்கள். அதை முன்னின்று நடத்தியவன் அந்தக் கேப்டன்தான். வீட்டுக்கு வந்து, "எத்தனை பேர்னு வரம்பு வைக்கலாமா காகூ?" என்று கேட்டான், கேலியாகத்தான்.

"வைப்பா. மைதானமும் சோறும் அளவாத்தான இருக்கு" என்றேன். "ஆனா நீ வேண்டாம்னு யார்ட்ட சொல்லணுமோ அவங்க முகத்தப் பாத்து நீயே சொல்லு. என்னய மாதிரி சாமிக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்காத."

அவன் வரம்பு வைத்தான். வெளியே நிற்கிறவர்களுக்கும் சாப்பாடு உண்டு என்றும், கடைசி நாள் எல்லோரும் கலந்து ஒரு ஆட்டம் ஆடலாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், அந்தப் பிள்ளைகள் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்குப் பேரன் பிறந்தபோது பார்க்க வந்தவர்களும் சொன்னார்கள். ஒரு காகூ சீட்டு எடுத்தாளாம், கேப்டன் பெயரே வந்ததாம், என்று சிரிப்பாகச் சொல்கிறார்கள். என்மேல் உள்ள பிரியத்தில் மஞ்சளை விட்டுவிடுகிறார்கள். விரல் இரண்டு தடவை நழுவியதை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் அது கடவுள் செய்த வேடிக்கை ஆகிவிடுகிறது. அவர்மேல் அந்தப் பழி வேண்டாம்.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொன்னால், அந்த நாலு மூலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னை நல்லவளாக்க ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம்.