நான்கு விநாடி வாழைப்பழக்காரர்

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் படத்தை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. காலை பத்து மணிக்குப் படத்தின் புதுப் பதிப்பு இணையத்தில் வெளியானது. பத்து நாற்பதுக்குப் பார்த்தால் ஆள் இல்லை.

இருபத்தாறு வருஷமாக அதில் இருந்தவர். ரயில் நிலையக் காட்சி. நாயகி போய்விடுகிறாள், நாயகன் பேச்சற்று நிற்கிறான், பார்க்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். நாயகனின் இடது தோளுக்குப் பின்னால் ஓர் ஒல்லி ஆள் வாழைப்பழத்தை மென்றபடி நேராகக் கேமராவைப் பார்க்கிறான். நான்கு விநாடி. நிலையத்து லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வந்தவரை, கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று பிடித்து நிறுத்தியிருந்தார்கள். கேமராவைப் பார்க்காதே என்று மூன்று முறை சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டார்.

ரசிகர்கள் அவருக்கு ‘வாழைப்பழக்காரர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்கிற மனிதரை யார் பார்க்கிறார்கள்? லிஃப்ட் ஓடினால் அவர் ஞாபகமே வராது, நின்றால் திட்டு வரும். நாலு பேர் கண்ணில் அவர் பட்ட ஒரே இடம் அது. இப்போது அங்கே ஒரு தூண் நின்றது. பழைய பதிப்பையும் எல்லா இடத்திலிருந்தும் தூக்கிவிட்டார்கள்.

‘அந்த ஆள் இத்தனை வருஷமா என் கண்ணில் விழுந்த தூசி. இப்பத்தான் எடுத்தேன்’ என்று இயக்குநர் பேட்டி கொடுத்தார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டிலும் அதே கதைதான்.

“என் புருஷனைப் பாத்துத் தூசிங்கறானே, அவன் வெளங்குவானா?” என்றாள் மனைவி.

“அம்மா, அவரோட படம், அவர் மாத்திக்கறார்” என்றாள் மகள். பல் மருத்துவமனையில் வேலை அவளுக்கு. எதையும் பிடுங்கிப் போட யோசிக்கவே மாட்டாள். “அந்த சீன்ல அப்பா ஒரு தப்பும்மா. அவ்ளோ சோகத்துல யாராவது பழம் சாப்பிடுவாங்களா?”

“பசிச்சா சாப்பிட மாட்டாங்களா?” என்றார் அவர். “இங்க பாரு. லிஃப்ட்டை மாட்டிச் சாவியைக் கைல குடுத்துட்டா, அது அதுல போறவங்களோடது. எனக்குப் பிடிக்கலைன்னு நான் பாட்டுக்குப் போய்க் கை வைக்க முடியுமா?”

“நீங்க வைக்க மாட்டீங்களாக்கும்!” என்றாள் மகள்.

“மாட்டேன்.”

அடுத்த வாரமே வைத்தார்.

அவர் முதன்முதலாகத் தனியாகப் பொருத்திய லிஃப்ட் ஒன்று, ஓர் ஐந்து மாடிக் கட்டிடத்தில் இருந்தது. மற்ற மாடிகளில் ஒழுங்காக நிற்கும். மூன்றாவது மாடியில் மட்டும் பிரேக் முந்திக்கொண்டு ஒரு குலுக்கு குலுக்கும். ஆபத்தில்லை, ஆனால் நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும். யாரும் கேட்காமலே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சரிசெய்தார். பூப்போல வந்து நின்றது. நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். போனால், மூன்றாவது மாடியில் குடியிருக்கிற வயலின் வாத்தியார் லிஃப்ட் வாசலிலேயே நிற்கிறார். வாத்தியாருக்குக் கண் தெரியாது.

“யாருய்யா இதுல கை வெச்சது?”

“நான்தான் சார். குலுக்கலை எடுத்துட்டேன்.”

“நல்லா எடுத்தே போ! எவன் எவனோ நடுவுல நிறுத்தி ஏறுவான், இறங்குவான். குலுக்கினா என் வீடுன்னு நான் இறங்குவேன். நேத்து அஞ்சாவது மாடிக்கும் தரைக்கும் மூணு தடவை போய்ட்டு வந்தேன். லிஃப்ட்லயே குடித்தனம் பண்ணச் சொல்றியா?”

“மூணாவது மாடிக்கு மட்டும் மணி ஒண்ணு வெச்சுடட்டுமா சார்?”

“மணியா? நாள் பூரா பசங்க தப்புத் தப்பா வாசிக்கறதைக் கேக்கறது போதாதா? குலுக்கலையே வெச்சுட்டுப் போ.”

சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடி கெடுக்க மூன்று மணி நேரம் ஆனது. நல்ல பிரேக்கைப் பழையபடி தப்பாக்குவதற்கு அவருக்குக் கையே வரவில்லை. ஆனால் வாத்தியார் ஏறிப் பார்த்து, குலுங்கியதும் “ஆங்” என்று இறங்கி, பூட்டைத் தடவாமல் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, நடந்ததை மறைக்காமல் மகளிடம் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, பேப்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். அடியில் தன் போன் எண்ணையும் போட்டுப் பட நிறுவனத்தின் முகவரிக்கு எழுதினார்:

‘ஐயா, உங்கள் கண்ணில் விழுந்த தூசி நான்தான். உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நீங்கள் செய்ததையே நானும் என் லிஃப்ட்டில் செய்துவிட்டதால் இப்போது பாதிக் கோபம்தான் இருக்கிறது. புதியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பழையதையும் பக்கத்தில் விட்டுவையுங்கள். அதிலேயே ஏறி இறங்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருத்தன்.’

“நல்லா எழுதியிருக்கீங்கப்பா. நான் கட்சி மாறிட்டேன்னு நினைக்காதீங்க” என்றாள் மகள். “பதிலும் வராது.”

வரவில்லைதான். ரசிகர்கள் வேறு படத்துக்குச் சண்டை போடப் போய்விட்டார்கள். மனைவிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பதினான்கு மாதம் கழித்து, ஒரு மருத்துவமனை லிஃப்ட்டின் குழிக்குள் நிற்கும்போது அவருடைய போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

‘வெள்ளிக்கிழமையிலிருந்து பழைய பதிப்பும் கிடைக்கும். அதில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் பார்க்க நேர்ந்தால் அந்த நான்கு விநாடி மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இயக்குநர்.’