தொட்டியில் தேநீர்

அல்மாத்தி நகரில், மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் டிராலிபஸ்களின் மோட்டார்களைப் பழுதுபார்த்தே இருபத்திரண்டு வருடங்களைக் கழித்தவர் யெர்மெக். நைட்ரோ எரிபொருளில் ஓடிய தன் ரிமோட் பந்தயக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பிரஷ்லெஸ் மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தியிருந்தார். பந்தயத்தன்று நடுவர் சாபிட் அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தமும் இல்ல, புகையும் இல்ல. இது காரா, துணி துவைக்கிற மெஷினா?"

"மின்மோட்டார் கூடாதுன்னு விதியில எங்க இருக்கு, அண்ணே? காட்டுங்க!"

சாபிட் கையிலிருந்த விதித் தாளைத் தட்டினார். "தொட்டி நிரம்பியிருக்கணும். படி. உன்னோடது காலி. வீட்டுக்குக் கிளம்பு."

யெர்மெக்கிற்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு குளிர்கால உழைப்பைத் துரத்த இப்படியொரு சாக்கா? எடை சரியாக இருக்கட்டுமென்று பழைய எரிபொருள் தொட்டியை அவர் கழற்றாமல் விட்டிருந்தார். பிளாஸ்கைத் திறந்து, பால் தேநீரை அதில் விளிம்புவரை ஊற்றி மூடினார்.

"நிரம்பிருச்சு. எதாலன்னு உங்க தாள்ல எழுதலையே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாபிட்டின் காது சிவந்தது. "ஓட்டித் தொலை!"

சத்தமில்லாமல் ஓடி முதலாவதாக வந்த காரின் தொட்டியை யெர்மெக் திறந்து பார்த்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. அவர் கோபம்தான் ஆறவில்லை.