பனைமரத்தோடு நின்றுவிட்ட மூவர்

1939ஆம் வருஷம், யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து மாதங்கள் முன்பு நடந்தது இது. சித்திரையா வைகாசியா என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். பூந்தமல்லி சாலையில் நுங்கு வந்துவிட்டது, கத்திரி பிறக்கவில்லை. ஆகவே சித்திரைதான்.

எம்.ஏ. முடித்த கையோடு எனக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. பண்ணைகளில் பரம்பரையாக உழைக்கும் படியாட்களுக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது, நடப்பில் என்ன கிடைக்கிறது என்பதுதான் விஷயம். நேரில் விசாரித்து எழுதாவிட்டால் உதவி நின்றுவிடும் என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நசரத்பேட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி வயல்வழியே நடந்தால் அந்தக் கிராமம் வரும். பெயர் வேண்டாம். ஏற்றம் இறைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்த ஒருவரிடம், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போக உங்களை விடுவார்களா என்று கேட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினால், பண்ணையாரின் ஆட்கள் மூன்று பேர், கையில் தடியோடு.

"எங்க ஆளுங்கள இட்டுகினு போவ வந்த கங்காணியாடா நீ?"

மலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பவன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, நான் மாணவன், இப்படி விசாரித்து எழுதத்தான் சர்வகலாசாலை பணம் தருகிறது என்றேன்.

"கேள்வி கேக்கறதுக்குத் துட்டா? கேட்டுக்கினியா அண்ணாத்தே, காதுல பூ சுத்துறான்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு அடங்குமுன் தோளில் அடி விழுந்தது. ஓடினேன். வெடித்துக் கிடந்த வயலில் ஒரு செருப்பு போயிற்று. எதிரே ஒற்றைப் பனைமரம், அதற்கப்பால் சேரியின் ஓலைக் குடிசைகள். முதல் குடிசை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள பூந்துக்கோ சாமி!"

குனிந்து நுழைந்தேன். துரத்தி வந்த காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. ஓலை இடுக்கு வழியே பார்த்தேன். மூவரும் பனைமரத்தடியில் நின்றுவிட்டார்கள். ஒருவன் காலை முன்னே வைத்தான். இன்னொருவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"வரமாட்டாங்க," என்றாள் அவள். "சேரில கால வெச்சா தீட்டு. முழுகாம அவங்க ஊட்ல சேக்கமாட்டாங்க. கொளத்துல தண்ணி ஏது, முழுவ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது வெளியே ஒரு குரல்: "கொளுத்திடலாமா?"

தலைக்கு மேல் காய்ந்த ஓலை. நெருப்புக்கு ஏது தீட்டு? என்னால் இந்தக் குடிசைகள் அத்தனையும் போய்விடும் என்று நினைத்து, வெளியே போய்விட எழுந்தேன். அதற்குள் அவள் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"கொளுத்து நைனா! நாளைக்கு உங்க ஆண்டை கழனிக்கு நீயே ஏத்தம் மிதி. நான் வந்து பாட்டு பாடறேன்!"

மூவரில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அவர்கள் போகவில்லை. பனையடியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தபோதெல்லாம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கிறதா என்றுதான் கவனித்தேன்.

நாக்கு உலர்ந்துவிட்டது. அவள் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க தண்ணி குடிப்பியா?"

வாங்கிக் குடித்தேன். உப்பும் சேறும் கலந்த தண்ணீர். நல்ல தண்ணீர் ஊர்க் கிணற்றில் இருந்தது. அதன் கிட்டே போகச் சேரிக்காரர்களுக்கு அனுமதியில்லை.

வெயில் சாய்ந்ததும் மூவரும் எழுந்து போனார்கள். அவளுடைய புருஷன் வேலை முடிந்து வந்து, ஏரிக்கரை வழியாக என்னைச் சாலையில் கொண்டுவந்து விட்டார். உங்களுக்கு ஏதும் கெடுதல் வருமா என்று அவரிடம் கேட்டேன். "வரும். நீ போ சாமி," என்றார்.

அடுத்த வாரம் அதே ஏரிக்கரைக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். கூரைகள் அப்படியே இருந்தன. கிட்டே போகும் தைரியம் வரவில்லை.

ஆராய்ச்சியை முடித்தேன், பட்டமும் வந்தது. ஆனால் உரிமை என்ற சொல்லை எங்கே படித்தாலும் அந்தப் பனைமரம் கண்ணில் வந்து நிற்கிறது: அன்று என் உயிரைக் காத்த அதே எல்லைதான், ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகக்கூட அந்த அம்மாளைத் தாண்ட விடவில்லை.