எண்ணெய் வைக்காத முடி

என் மகளின் தலைமுடி வெயிலில் செம்பட்டையாகத் தெரியும். வீடியோ அழைப்பில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மதுரையிலிருக்கும் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "ஏண்டி, பிள்ளைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையா?" வைக்கிறேன் என்றால் நம்பமாட்டார். நானும் ரோஷப்பட்டு, எங்கள் பக்கத்துக் கிளென் ஈடன் கடைகளில் கிடைத்த தேங்காய் எண்ணெயையெல்லாம் அந்தத் தலையில் கொட்டிப் பார்த்துவிட்டேன். முடி பளபளத்தது, கறுக்கவில்லை.

என் கணவர் ஆக்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கும் அது பழகிவிட்டது. மாமாவின் முன்னோர் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவருடைய அப்பா சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து விடுதியில் வளர்ந்தவர், மாமாவோ ஒற்றைப் பிள்ளை. தாத்தாவின் பெயரைத் தவிர தன் குடும்பத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

மாமியார் இறந்தபோது தேவாலயத்தின் ஒரு பக்கம் முழுக்க அவர் வீட்டுச் சொந்தங்கள். மறுபக்கம் முன்வரிசையில் மாமா, என் கணவர், நான், குழந்தை. எங்களுக்குப் பின்னால் வெறும் பெஞ்சுகள். திரும்பி வரும்போது காரில் மாமா மெதுவாகச் சொன்னார், "என் பக்கம் ஒருத்தரும் இல்லை, பார்த்தாயா?" சொந்தக்காரர்கள் தொல்லை தாங்காமல் கடல் தாண்டி வந்தவள் நான். அன்று அந்த வெறும் பெஞ்சுகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கணவர் அவரை மரபணுச் சோதனைக்குச் சம்மதிக்க வைத்தார். மாமா ஒரு குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினார். கிளென்ஃபீல்டிலிருக்கும் ஒரு பெண்மணி தூரத்து உறவு என்று முடிவு வந்தது. எங்கள் ஊர்த் துறைமுகப் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம்! இத்தனை வருஷமாக இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். மாமா அன்றைக்கே தாத்தாவின் பெயரைச் சொல்லி அவருக்கு மின்னஞ்சல் எழுதினார்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. அந்தப் பெயரில் தன் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததாகவும், அவர் தெற்குத் தீவில் கல்யாணமாகாமலே இறந்துவிட்டதாகவும், ஆகவே அவருக்குப் பேரன் இருக்க வாய்ப்பில்லை என்றும் எழுதியிருந்தார். சோதனை சொல்லும் உறவு வேறு ஏதோ வழியில் இருக்கலாம், எப்படியானாலும் ஒரு நாள் தேநீருக்கு வாருங்கள் என்று முடித்திருந்தார். மாமா கணினியை மூடிவிட்டு, புல் வெட்டப் போய்விட்டார். முந்தின நாள்தான் வெட்டியிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான் இருக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள். கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள் என்று பெரியவன், நெட்டையன், கறுப்பன் என்று அடையாளம் வைத்திருந்தோம். கணவரிடம் கேட்டேன். அயர்லாந்துக்காரர்களிடமும் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் உண்டு என்றார். பிறகென்ன? வரமாட்டேன் என்ற மாமாவையும், ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூனை விட மனமில்லாத மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளென்ஃபீல்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் மாமாவைவிடக் கொஞ்சம் மூத்தவர். தேநீர் ஆறும்வரை வானிலை பற்றிப் பேசினோம். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் தாத்தாவின் அப்பாவோடு யாராவது கூடப் பிறந்தார்களா என்று கேட்டேன். ஒரு தம்பி உண்டு, சேர்ந்துதான் கப்பலேறினார்கள், அவர் ஆக்லாந்திலேயே தங்கிவிட்டாராம் என்றார். அப்படியானால் அண்ணன், தம்பி இரண்டு பேருமே மூத்த மகனுக்கு அயர்லாந்திலிருந்த தங்கள் அப்பாவின் பெயரை வைத்திருப்பார்கள். தெற்குத் தீவில் இறந்தவர் அண்ணனின் மகன், எங்கள் மாமாவின் தாத்தா தம்பியின் மகன் என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் அப்பா 'ஆக்லாந்துச் செம்பட்டையன்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்வார். யாரோ பழைய சிநேகிதர் என்றே நினைத்திருந்தேன்." சொல்லிக்கொண்டே கம்பளத்தில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். ஜன்னல் வெயில் அவள் தலையில் விழுந்திருந்தது. அவர் என்ன பார்க்கிறார் என்று புரியாமல், வழக்கம்போல மானம் போகிறதே என்று, எண்ணெய் சரியாக வைக்காததால் வந்த நிறம் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

மாமா சிரித்துவிட்டார். அவர் தலையை நான் வழுக்கையாகவே பார்த்திருக்கிறேன். "இல்லையம்மா. பள்ளியில் என் முடி நிறத்தைப் பார்த்து என்னைக் காரட் என்றுதான் கூப்பிடுவார்கள்."

தாத்தாக்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்றால் தானும் மாமாவும் மூன்றாம் தலைமுறை கசின்கள் என்று அந்தப் பெண்மணி விரல்விட்டுக் கூட்டிச் சொன்னார். எங்கள் கணக்கில் அவ்வளவு சுற்ற வேண்டாம், பங்காளி வீட்டுப் பெண், மாமாவுக்கு நேராக அக்கா முறை என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இருந்தாலும் கொஞ்சம் எண்ணெய் வையி" என்றார்.

மாமியாரின் நினைவு நாளுக்கு மறுபடியும் அதே தேவாலயத்துக்குப் போனோம். கிளென்ஃபீல்டு அக்கா தன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து, மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்வரிசையில் இடம் போதாமல் நானும் என் மகளும் எழுந்து பின்வரிசைக்குப் போனோம்.