அவளுக்கு நான் போட்ட எண்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அண்ணனின் இன்ஜினியரிங் படிப்புக்காக. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் அதற்கு முன் ஒரே ஒரு வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. தூசு படாமலிருக்க அம்மாவின் பழைய புடவையில் அப்பா அதற்கு உறை தைத்து வாங்கி வந்தார். அண்ணன் அதில் படித்து நான் பார்த்ததில்லை. கல்லூரி நண்பனிடமிருந்து ஒரு கூடைப்பந்து விளையாட்டு சி.டி.யை வாங்கி வந்து ஏற்றினான். அன்றிலிருந்து சனி, ஞாயிறு பகல் முழுக்க அவனும் நானும் கீபோர்டுக்கு அடித்துக்கொண்டோம்.

நான் நிஜமாகவே கூடைப்பந்து ஆடுகிறவள். வேலூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே டீமில் சேர்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் கேப்டன். கம்ப்யூட்டரில் மேட்ச் ஆடுவதில் அண்ணனுக்கு ஆசை. எனக்கு ஆசையெல்லாம் ஆட்டக்காரர்களின் பட்டியலில்தான். ஷூட்டிங், பாஸ், வேகம், ரீபவுண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு எண். அதன் பக்கத்தில் இன்னொரு எண். பொட்டன்ஷியல் என்று போட்டிருக்கும்.

"அது இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"இவன் கடைசியா எது வரைக்கும் போவான்னு அர்த்தம். அதுக்கு மேல ஏற முடியாது."

"கஷ்டப்பட்டு ஆடினா?"

"ஆடட்டும். ஏறாது. பொட்டன்ஷியல் ஜாஸ்தி இருக்கறவன் பெஞ்சுல உக்காந்திருந்தாலும் ஒவ்வொரு சீசனுக்கும் தானா ஏறிடுவான்."

"நிஜத்துல அப்படியா நடக்குது?"

"பின்ன?" என்றான் அண்ணன்.

அப்புறம் ஒரு நாள் பிரவுசிங் சென்டரிலிருந்து ஏதோ ஒரு ஃபைலை இறக்கிக்கொண்டு வந்தான். யாரோ வெளிநாட்டுக்காரர் செய்தது. அதைப் போட்டால் ஆட்டக்காரர்கள் நிஜத்தில் வளர்வது போலவே வளர்வார்களாம். மெதுவாக ஏறுவார்கள், முப்பது வயதுக்கு மேல் இறங்குவார்கள். எல்லோருடைய எண்களையும் நாமே மாற்றவும் முடியும். நான் எங்கள் பள்ளி டீமை அப்படியே உள்ளே ஏற்றினேன். அந்த விளையாட்டில் பெண்களே கிடையாது. அதனால் தாடி வைத்த, மொட்டையடித்த எட்டு ஆண்களுக்கு எங்கள் எட்டுப் பேரின் பெயரையும் வைத்தேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி என் தோழி. ஆம்பூர்க்காரி. எங்கள் பள்ளி ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அப்பா இல்லை. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்தார். அவள் என் தோள் உயரம்தான் இருப்பாள். ஆனால் பந்து அவள் கைக்குப் போய்விட்டால் எதிர் டீமில் யாராலும் அதைப் பிடுங்க முடியாது. இடது கை, வலது கை என்ற வித்தியாசமே அவளுக்கு இல்லை. நான் கூடைக்குக் கீழே போய் நின்றால் போதும், பந்து என் கைக்கு வந்து சேரும். டீமில் அதிகப் பாயிண்ட் எடுத்தவள் என்று எனக்கு இரண்டு முறை கப் கொடுத்தார்கள். அந்தப் பாயிண்டுகளில் பாதிக்கு மேல் அவள் கையிலிருந்து வந்தவை.

முதலில் எண்களை நேர்மையாகத்தான் போட்டேன். அவளுக்கு எண்பத்தொன்று, எனக்கு எழுபத்தாறு. பொட்டன்ஷியல் இருவருக்கும் தொண்ணூறுக்கு மேல்.

ராணிப்பேட்டையில் ஒரு மேட்ச் நடந்தது. என் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்து பார்த்தார். அம்மா என் ஆட்டத்தைப் பார்த்தது அது ஒரு தடவைதான். ஜெயித்தோம். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் இல்லன்னா நீங்கெல்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்றார். ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. வியந்து சொன்னதுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவளுடைய பொட்டன்ஷியலை எண்பத்திரண்டு ஆக்கினேன். என்னுடையதைத் தொண்ணூற்று நான்கு. பிறகு மேட்ச் எதையும் ஆடாமல் சீசன்களை மட்டும் ஓடவிட்டேன். ஐந்து வருஷத்தில் நான் தொண்ணூற்றைத் தாண்டினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஏழாம் வருஷம் டீம் அவளை வெளியே அனுப்பிவிட்டது. திரையில் அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் குளிர்ந்ததை இன்று மறைக்க விரும்பவில்லை.

அது விளையாட்டோடு போயிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அந்த வருஷக் கடைசியில் சென்னையில் ஒரு தேர்வு முகாம் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம். பெற்றோர் யாரும் சண்டைக்கு வரக் கூடாதென்று, யாரை ஏன் அனுப்புகிறோம் என்பதை எழுத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பி.டி. மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்குல்ல, எல்லாருக்கும் மார்க் போட்டு டைப் பண்ணி எடுத்துட்டு வா. நான் பாத்துத் திருத்தறேன்."

நான் யோசிக்கவே இல்லை. திரையில் இருந்த எண்களை அப்படியே தாளில் இறக்கினேன். இரண்டு கட்டங்கள். இப்போதைய ஆட்டம்; பொட்டன்ஷியல். இரண்டாவது கட்டத்தின்படி பெயர்களை வரிசைப்படுத்தினேன். மிஸ் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்லா இருக்கே. இதத்தான் அங்க கேப்பாங்க," என்றார். பிறகு அவள் பெயரில் விரலை வைத்தார். "இவளுக்கு ஏன் இவ்ளோ கம்மி?"

"ஹைட் இல்ல மிஸ். அதுவுமில்லாம டென்த்தோட நின்னுடுவேன்னு சொல்லிட்டிருக்கா."

உயரம் இல்லை என்பது உண்மை. மற்றது பொய். அவள் அப்படி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

மிஸ் "ப்ச்" என்றார். கையெழுத்துப் போட்டார். என்னையும், இன்னொரு உயரமான பெண்ணையும் அனுப்புவதென்று முடிவாயிற்று. தாளை விளையாட்டு அறைக் கதவில் ஒட்டினார்கள்.

மறுநாள் நான் போனபோது அவள் அந்தக் கதவின் முன் நின்றிருந்தாள்.

"பொட்டன்ஷியல்னா இன்னாடீ?"

"இன்னும் எவ்ளோ முன்னேறுவன்னு."

அவள் விரலால் தாளைத் தொட்டுப் படித்தாள். "எண்பத்தொண்ணு. எண்பத்திரெண்டு. அப்ப நான் இன்னும் ஒரே ஒரு மார்க்குதான் ஏறுவேனா?"

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

"மிஸ்ஸா போட்டாங்க?"

"ஆமா."

அவள் அழவில்லை. மிஸ்ஸிடம் போய்க் கேட்கவும் இல்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சில வாரங்கள் காலையில் பிரேயருக்கு முன்பே வந்து தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். பரீட்சை முடிந்ததும் அவள் அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

சென்னை முகாமில் நான் மூன்றாம் நாளே திருப்பி அனுப்பப்பட்டேன். அங்கே பந்தை யாரும் என் கையில் கொண்டு வந்து கொடுக்கவில்லை. நானே தட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இடது கையால் எனக்கு நான்கு தட்டுக்கூடத் தட்ட வரவில்லை. அங்கிருந்த கோச், "இத்தன வருஷமா இன்னாம்மா ஆடின?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிளஸ் ஒன்னில் டீமில் இருந்தேன், பிளஸ் டூவில் இல்லை. அண்ணன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை யாருக்கோ கொடுத்துவிட்டான்.

பி.காம். முடித்ததும் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியின் ஹெச்.ஆர். ஆபீசில் வேலை கிடைத்தது. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். மெஷின்கள் வரிசையாக இருக்கும் தையல் லைன் ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு போர்டு மாட்டியிருக்கும். எந்தப் பெண்ணுக்கு எந்த வேலை எவ்வளவு வரும் என்பதைக் கட்டம் கட்டி நிரப்பியிருப்பார்கள். மாதாமாதம் அதைத் திருத்தி எழுதுவது என் வேலை. இரண்டாம் மாதம், நான்காவது லைன் போர்டில், எல்லா வேலையும் முழுதாக வரும் என்று எல்லாக் கட்டமும் நிரம்பிய பெயர் ஒன்றைப் பார்த்தேன். பெயரைப் படித்துவிட்டுத் திரும்பினால், நீல ஓவர்கோட்டோடு அவள்.

"வணக்கம் மேடம்," என்றாள். சுற்றி எல்லோரும் இருந்தார்கள்.

மதியம் கேன்டீனில் எதிரில் போய் உட்கார்ந்தேன். கல்யாணமாகி ஒரு குழந்தை இருப்பதாகச் சொன்னாள். அம்மாவுக்கு முதுகு வலி, வேலையை விட்டுவிட்டாராம். நன்றாகத்தான் பேசினாள், வாய்க்கு வாய் மேடம் போட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தாளில் எண்ணைப் போட்டது மிஸ் இல்லை, நான்தான் என்று சொன்னேன். படிப்பை நிறுத்தப் போகிறாள் என்று மிஸ்ஸிடம் சொன்னதையும் சொன்னேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எங்கம்மா பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெக்கறேன்னுதான் சொன்னாங்க. அந்தப் பேப்பரப் பாத்துட்டு நான்தான் வேணாம்னேன். மிஸ்ஸே சொல்லிட்டாங்க, இதுக்கு மேல நமக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன்."

"தப்புதான். மன்னிச்சுக்கோ."

"இத ஏன் நீ இப்ப எங்கிட்ட சொல்ற?" அப்போதுதான் முதல் முறையாக நீ என்றாள்.

"சொல்லணும்னு தோணிச்சு."

"உனக்குத் தோணிச்சு. சரி. இத்தினி வருசமா மிஸ்ஸு மேலதான் கோவமா இருந்தேன். அவங்க தெரிஞ்சவங்க, கரெக்டாத்தான் போட்டிருப்பாங்கன்னு ஒரு நெனப்பும் இருந்துது. அதுல ஒரு நிம்மதி இருந்துது. அதையும் எடுத்துட்ட." டிபன் பாக்ஸை மூடினாள். அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. "பெல் அடிக்கப் போவுது மேடம். லைன்ல நிக்கணும்."

அதன்பிறகு ஒரு மாதம் அந்த லைன் பக்கம் போகும்போதெல்லாம் அவள் தலை நிமிரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அவளுடைய ராஜினாமாத் தாள் என் மேஜைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தாள். பேரணாம்பட்டுப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக லைன் சூப்பர்வைசர் சொன்னார். "நல்ல கை மேடம் அது. விட்டிருக்கக் கூடாது," என்றார்.

அடுத்த இரண்டு மாதத்தில் நானும் அந்த வேலையை விட்டேன். ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வருவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அம்மா நம்பினார்.