வெம்பிளிக் கோபுரத்தின் இரண்டாவது வாசல்

காலை 9.10. லண்டன் கிங்ஸ்பரியில் பேருந்து ஏறினோம். கட்டணம் 1.75 பவுண்டு, வெம்பிளிக்கு இரண்டு மைல் இருக்கும். உடன் வந்த சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பிரான்சில் பன்னிரண்டு வருடம் உணவகங்களில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர், டெலிவரி வேன் ஓட்டுகிறார். மனைவி ராதாவுடனும் இரண்டு மகள்களுடனும், நகராட்சியான கவுன்சில் தற்காலிகமாகக் கொடுத்த ஒற்றை அறையில் நான்கு வருடமாக இருக்கிறார். இன்று ஒரு வீட்டைப் பார்வையிட அவரை அழைத்திருந்தார்கள். ராதாவுக்கு ஷிப்ட். அதனால், விம்பிள்டனில் நண்பர் வீட்டில் அறிமுகமான என்னைத் துணைக்கு அழைத்தார்.

வழியில் முறையை விளக்கினார். காலியாகும் வீடுகளைக் கவுன்சில் வாராவாரம் இணையத்தில் போடும். விரும்பியதற்கு 'பிட்' போட வேண்டும். ஏலம்தான், ஆனால் பணம் கிடையாது. தேவையையும் காத்திருந்த காலத்தையும் வைத்து வரிசை தீர்மானமாகும். மூன்று வருடம் இவர் உறவினர்கள் வசிக்கும் நாலைந்து தெருக்களுக்கு மட்டுமே போட்டார். அங்கே வசிக்கும் எல்லோருடைய உறவினர்களும் அதே தெருக்களுக்குத்தான் போட்டார்கள். நாற்பதாவது இடத்துக்கு மேல் ஏறியதே இல்லை.

"மாமாவின்ர மதிலுக்குப் பக்கத்திலதான் வீடு வேணுமோ எண்டு ராதா கேட்டவ," என்றார். "அதுக்குப் பிறகுதான் இந்த டவருக்குப் போட்டனான். ரெண்டாவது இடம், அண்ணை."

9.35. கழுத்தை முழுவதும் பின்னால் சாய்த்தால்தான் அடுக்குமாடிக் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. முகப்பில் பளிங்குத் தரை, வெள்ளைப் பூக்கள், கோட் அணிந்த வரவேற்பாளர். விற்பனைப் பலகையில் இரண்டு படுக்கையறை வீடு ஆறு லட்சம் பவுண்டிலிருந்து. சிவநேசன் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்; திறக்கவில்லை. கவுன்சில் அதிகாரி எங்களைக் கட்டடத்தைச் சுற்றி, குப்பைத்தொட்டி அறையைத் தாண்டி, சாம்பல் நிறக் கதவுக்கு அழைத்துப் போனார். அதே கோபுரம், அதே அஸ்திவாரம். கட்ட அனுமதி கேட்ட நிறுவனத்திடம் ஏழைகளுக்கும் இத்தனை வீடு என்று கவுன்சில் வாங்கியிருக்கிறது. நிறுவனம் வீட்டைக் கொடுத்து வாசலைப் பிரித்துக்கொண்டது. 

10.00. பதினோராவது மாடி. வீட்டுக்குள் நுழைந்ததும் மூவரும் ஜன்னலுக்குத்தான் போனோம். மூன்றாமவர் அதே வீட்டைப் பார்க்க அழைக்கப்பட்டிருந்த சோமாலியப் பெண், இடுப்பில் குழந்தை. விளையாட்டரங்கின் வெள்ளை வளைவு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதற்கப்பால் அடிவானம்வரை கூரைகள். இவ்வளவு பெரிய நகரத்தை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. சிவநேசன் வடக்கே ஒரு பச்சைக் குன்றைக் காட்டி, அதன் பின்னால்தான் தன் அறை என்றார். பிறகு படுக்கையறையின் அகலத்தைக் காலடியால் அளந்தார். இரட்டைக் கட்டில் போகும் என்று எனக்குச் சொன்னார்.

வரிசையில் முதலாவது அந்தப் பெண். அவர் வேண்டாம் என்றால்தான் இவருக்கு. எடுத்துக்கொள்கிறீர்களா என்று அதிகாரி அவரிடம் கேட்டார். லிஃப்ட் பழுதானால் என்ன செய்வது, குழந்தைகள் முன்பக்கத் தோட்டத்தில் விளையாடலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டாவதற்கு, தோட்டம் அந்தப்பக்க வாசல்காரர்களுக்கு என்று பதில் வந்தது. அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தார். சிவநேசன் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"எடுத்துக்கொள்கிறேன்," என்றார் அந்தப் பெண் ஆங்கிலத்தில்.

சிவநேசன் அவருக்குக் கை கொடுத்தார். படுக்கையறையில் இரட்டைக் கட்டில் போகும் என்று அவரிடமும் சொன்னார்.

10.40. சாம்பல் கதவு வழியே வெளியே வந்தோம். சென்னையில் வீடு தேடியபோது ஊரென்ன, சைவமா என்று வாசலிலேயே கேட்பார்கள். பதிலை வைத்து நாம் எந்தத் தெருவில் இருப்போம் என்பது முடிவாகும். இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. ராதாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அந்தப் பிள்ளை எடுத்திட்டா," என்றார் சிவநேசன். சற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம், நல்ல வீடுதான். அதாலதானே எடுத்தவ."